ஒன்று குறைந்த கணக்கு

ஒரு நாளைக்கு நூற்றி அறுபது ஆடு.
இருபத்தாறு வருஷமாக என் கூலிக் கணக்கு அதுதான்.
முழங்கால் இடுக்கில் மல்லாத்தி
கழுத்தை ஒருக்களித்துப் பிடித்தால்
மூன்று நிமிஷத்தில்
ரோமம் சட்டைபோல் கழன்று விழும்.
தாக்குவரெம்போ பக்கம் கேட்டுப் பாருங்கள்,
அதேமார் கை பட்ட ஆடு உதைக்காது என்பார்கள்.

இது மூன்றரைக் கிலோ.
பேருந்து நிலையத்தில் பெஞ்சுக் காலோடு
ஷூ கயிற்றால் கட்டிப் போட்டிருந்தார்கள்.
மீகா என்று பெயர் வைத்தேன்.
மேஜையில் சிந்திய ரொட்டித் துணுக்கை
எங்கள் ஊரில் அப்படிச் சொல்வோம்.

காதுக்குப் பின்னால் சடை.
வயிற்றடியில் சடை.
தொடையில் ஒரு முடிச்சு,
நடக்கும்போதெல்லாம் தோலைப் பிடித்து இழுக்கிறது.
மெஷினை எடுத்தேன், வேறென்ன எடுப்பேன்.
சுவிட்சைப் போட்டதும்
அடுப்புக்கும் சுவருக்கும் நடுவே
கை நுழையாத சந்தில் அது நுழைந்துகொண்டது.
தரையில் ஈரம்.
நீட்டிய என் கட்டைவிரலில் நாலு பல்.

பக்கத்து வீட்டு எடெல்மிரா
மாத்தேயை உறிஞ்சிக்கொண்டே சொன்னாள்:
"பிடித்து அமுக்கினால் அஞ்சு நிமிஷ வேலை."
அமுக்கத் தெரியாதா எனக்கு.
அமுக்க மட்டும்தான் தெரியும்.

அன்று ராத்திரி கையை முகர்ந்து பார்த்தேன்.
எத்தனை சோப்புப் போட்டாலும்
ஆட்டுக் கொழுப்பு வாசம் போகாத கை.
இந்தக் கைக்கு முன்னால்
எதுவும் தானாக வந்து நின்றதில்லை.

மெஷினைத் தரையில் கிடத்தினேன், கரண்ட் இல்லாமல்.
சுற்றிலும் அவித்த ஈரல், நக அளவுத் துண்டுகள்.
மூன்று நாள் எறும்புக்குத்தான் விருந்து.
நாலாம் நாள் ஒரு துண்டு காணோம்,
நான் பார்க்காதபோது.

அப்புறம் பழைய டூத் பிரஷ்.
முதுகில் ஒரு இழுப்பு, ஒரு ஈரல்.
ஒரு இழுப்பு, ஒரு ஈரல்.
உதட்டை நக்கினால் நிறுத்து.
கொட்டாவி விட்டால் நிறுத்து;
அது தூக்கக் கொட்டாவி இல்லை.
தலையைத் திருப்பினால் பிரஷைக் கீழே வை,
ஜன்னலைப் பார்.
இதையெல்லாம் யாரும் சொல்லித் தரவில்லை,
கட்டைவிரல் சொன்னது.

முடிச்சில் சோளமாவைத் தூவி
விரலாலேயே பிரித்தேன், இழை இழையாக,
தோல் இழுபடாமல் வேரை ஒரு விரலால் அழுத்தி.
ஒரு சடைக்கு ஒன்பது சாயங்காலம்.
நகம் என்றால் நாளுக்கு ஒன்று.
சில நாள் அதுவும் இல்லை,
பாதத்தைக் கையில் வாங்கி
திருப்பிக் கொடுத்ததோடு சரி.

மெஷின் முதலில் பக்கத்து அறையில் இரைந்தது.
பிறகு கதவோரம்.
பிறகு துண்டில் சுற்றி என் மடியில்.
ஒரு மழைநாளில் அதன் பின்பக்கத்தை,
பல் இல்லாத பக்கத்தை,
தோளில் வைத்தேன்.
நடுக்கம் மெஷினுடையதா
நாயுடையதா
என்னுடையதா, தெரியவில்லை.
ஓடவில்லை.
என் முழங்கையில் தாடையைச் சாய்த்து
பெருமூச்சு விட்டது,
வாடகை பாக்கியைக் கொடுத்து முடித்த ஆள்போல.

இன்னும் இடது பின்னங்காலை மட்டும் தரமாட்டாள்.
அங்கே முடி தொங்குகிறது
ஒற்றைக்கால் பூட்ஸ் மாதிரி.
எடெல்மிரா சிரிக்கிறாள்.
சிரிக்கட்டும்.
அந்தக் கால் மீகாவுடையது.

அக்டோபரில் மறுபடி கொட்டகை.
முதல் ஆட்டை இழுத்து வந்தேன்,
மல்லாத்தினேன்.
மெஷினோடு போன கை
அந்தரத்தில் நின்றது.
ஆடு என்னைப் பார்த்தது.
உதட்டை நக்கியது.
"என்ன, அதற்கு ஞானஸ்நானம் கொடுக்கிறாயா?"
மேஸ்திரி அனிபால் கத்தினான்.
கொட்டகையே சிரித்தது.

சாயங்காலம் எண்ணிச் சொன்னபோது
நூற்றி ஐம்பத்தொன்பது.
ஒன்று எங்கே என்றான்.
பைக்குள் கைவிட்டேன்.
காய்ந்த ஈரல் ஒன்று விரலில் பட்டது.